தம்பிக்கு ஒரு வருஷமாக வயிற்றுப்போக்கு, இப்போது பவுத்திரமும்: இது குரோன்ஸ் நோயா?

சிப்புட் அக்கா:

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு டவுனுக்குப் பக்கத்துக் குடியிருப்புத் தாமானுக்கு வந்துவிட்டோம். தம்பிக்கு வயது 23. செம்பனை ஆலையில் பழக்குலை இறக்கும் ரேம்ப்பில் வேலை. அவனைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

போன தீபாவளிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றால் போகும். இரவிலும் எழுந்து ஓடுகிறான். தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் இழுத்துப் பிடித்து வலிக்கும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கூடும். டவுனில் ஒரு கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்றார்கள். அப்புறம் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் டென்ஷனால் வருகிற ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் என்றார்கள். வேறொரு டாக்டர் ஐந்து நாளைக்குச் சின்ன மாத்திரை கொடுத்தார், அட்டையில் பிரெட்னிசோலோன் என்று இருந்தது. அந்த ஐந்து நாளும் தம்பி நன்றாகச் சாப்பிட்டான், சிரித்துப் பேசினான். மாத்திரை முடிந்த கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

64 கிலோ இருந்தவன் இப்போது 53. வேலை நாளில் காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் போகிறான். சாப்பிட்டால் ஓட வேண்டி வரும், ரேம்ப்பிலிருந்து கழிப்பறை தூரம், குலை லோரி வரிசையில் நிற்கும்போது நடுவில் விட்டுப் போக முடியாது என்கிறான். போன மாதம் ஆசனவாய்ப் பக்கம் கட்டி வந்தது. கீறிச் சீழ் எடுத்தார்கள். இன்னும் மூடவில்லை, கசிந்துகொண்டே இருக்கிறது, இதைத்தான் பவுத்திரம் என்கிறார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது கறையைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

கடைசியாக அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ரத்தம் எடுத்தார், ஹீமோகுளோபின் 9.8. "குரோன்ஸ் நோயாக இருக்கலாம்" என்று ஈப்போவுக்கு ரெஃபரல் கடிதம் எழுதிவிட்டார். தேதி வர இன்னும் சில வாரம் இருக்கிறது. மாமா உடல் சூடு என்கிறார், நாட்டு மருந்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

எதை வைத்து அந்த டாக்டர் அப்படிச் சொன்னார்? மருந்தை இங்கேயே கொடுக்கக் கூடாதா? அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்வது?


லோரி அண்ணன்:

தங்கச்சி, என் சித்தப்பாவுக்கும் பவுத்திரம் இருந்தது. ஆபரேஷன் செய்து சரியாகிவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் 60 தாண்டியவர், இப்படி இளைக்கவும் இல்லை. தம்பி கதை வேறு மாதிரி தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். வேலை, எம்.சி. (மருத்துவ விடுப்பு) விஷயம் ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள், அதில் எனக்குக் கொஞ்சம் தெரியும்.


பழைய எம்.ஏ.:

தங்கச்சி, நான் அரசாங்க கிளினிக்குகளில் உதவி மருத்துவ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்ததில் பெரும்பகுதி பேராக் தோட்டப்புறத்தில்தான். தம்பியை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். அந்த இளம் டாக்டர் சரியான வழியில் போயிருக்கிறார் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைத் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கடையில் ஒரு மாத்திரை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். 23 வயது, மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, இரவிலும் போகிறது, வலது அடிவயிற்றில் வலி, 11 கிலோ குறைவு, ரத்தச்சோகை, ஆறாத சீழ்க்கட்டி. இப்படிச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் குரோன்ஸ் என்ற நீண்டகாலக் குடல் அழற்சி நோய் நினைவுக்கு வர வேண்டும். தோட்டப்புறத்தில் அது ஏன் தாமதமாகிறது என்றால், ஒரே ஆள் நாலு கிளினிக்குக்குப் போகிறார். ஒவ்வொரு இடத்திலும் அன்றைக்கு என்ன வலியோ அதற்கு மட்டும் மருந்து கிடைக்கிறது. போன வருஷம் எத்தனை கிலோ இருந்தார் என்று யார் அட்டையிலும் இருக்காது.

இது பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிற நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரலாம். அதிகமாகத் தாக்குவது சிறுகுடலின் கடைசிப் பகுதியை, அது இருப்பது வலது அடிவயிற்றில். அதனால்தான் சிலருக்கு முதலில் அப்பெண்டிக்ஸ் என்று நினைத்துவிடுவார்கள். குடலின் உட்தோலோடு நிற்காமல் சுவரின் முழுக் கனத்திலும் அழற்சி பரவும். அப்படிப் பரவும்போது சில இடம் தடித்துச் சுருங்கும், சில இடம் துளைத்துக்கொண்டு வெளியே வழி போடும். தம்பிக்கு வந்திருக்கிற பவுத்திரம் அந்த வழிகளில் ஒன்றாக இருக்கலாம். மிளகாய் தின்றதாலோ சூட்டாலோ வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குடல் அழற்சி நோய்கள் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடம் அதிகம் என்று கோலாலம்பூரிலும் ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் "இது வெள்ளைக்காரர்கள் நோய்" என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

அந்த டாக்டர் அரை மணி நேரம் என்ன கேட்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. தூக்கத்திலிருந்து எழுந்து போகிறாயா என்பது முக்கியமான கேள்வி. ஐ.பி.எஸ். பொதுவாகத் தூங்குகிறவனை எழுப்பாது, எடையைக் கரைக்காது, ஹீமோகுளோபினை இறக்காது. வாயில் அடிக்கடி புண் வருகிறதா, மூட்டு வீங்கி வலிக்கிறதா, கண் சிவந்து கூசுகிறதா, முன்காலில் தொட்டால் வலிக்கிற சிவந்த கட்டிகள் வந்தனவா, வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, சிகரெட் உண்டா என்றும் கேட்டிருப்பார். பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் சிலருக்கு வயிற்றுவலியைவிட உயரம் கூடாமல் நிற்பதுதான் முதலில் தெரியும்.

பின்புறத்தை அவர் பார்த்திருந்தால் அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆள் "மூலம்" என்று சொன்னதும் அதையே எழுதிக் களிம்பு கொடுத்து அனுப்புகிற வழக்கம் நம் பக்கம் அதிகம். இடது பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, நல்ல விளக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சாதாரண வெடிப்பு பெரும்பாலும் நடுக்கோட்டில்தான் இருக்கும். பக்கவாட்டில் வெடிப்பு, ஊதா நிறம் ஏறித் தடித்த தோல் மடிப்பு, ஆசனவாயிலிருந்து கொஞ்சம் தள்ளி மிளகளவு துளை, அதன் ஓரத்தை மெல்ல அழுத்தினால் ஒரு சொட்டுச் சீழ். இதைப் பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி வயிற்றைப் பற்றித்தான் இருக்க வேண்டும். பார்க்க இரண்டு நிமிஷம் போதும், கருவி எதுவும் தேவையில்லை.

கிளினிக்கிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ரத்தப் புரதமான ஆல்புமின், இரும்புச்சத்து, பி12, மலத்தில் கிருமியும் பூச்சி முட்டையும் இருக்கிறதா என்பது. ஹீமோகுளோபின் குறைந்து பிளேட்லெட் கூடியிருந்தால் உள்ளே அழற்சி இருக்கலாம் என்று எண்ணுவோம். கால்புரோடெக்டின் என்று மலத்தில் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது, எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்காது. 50க்குக் கீழே இருந்தால் குடல் அழற்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 250க்கு மேலே போனால் பெருங்குடலைக் கேமராவால் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் கிருமித் தொற்றும், பொன்ஸ்தான், வோல்தாரென் மாதிரி வலி மாத்திரைகளும் அந்த எண்ணை ஏற்றிவிடும். தம்பி மாதிரி இத்தனை அறிகுறி இருப்பவருக்கு இந்த எண்ணுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை, கடிதம் எழுதியதுதான் சரி.

இனி, மருந்தை ஏன் இங்கேயே கொடுக்கவில்லை என்ற கேள்வி. இதற்குத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குடல் காசநோயும் இதே இடத்தில்தான் வரும், இதே மாதிரி இளைக்க வைக்கும். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து இந்த நோயைத் தனியாக எழுதிக் காட்டுகிற வரைக்கும், இப்படிப்பட்ட பலரைக் காசநோய் என்றே எண்ணியிருந்தார்கள். அங்கே காசநோய் அருகிவிட்டது. நம் ஊரில் அப்படி இல்லை. குரோன்ஸுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு காசநோய்க்காரருக்குப் போனால் முதலில் தெம்பு வந்த மாதிரி இருக்கும், உள்ளே கிருமி பரவிவிடும். பிரெட்னிசோலோனும் ஒரு ஸ்டீராய்டுதான், ஐந்து நாள் அதில் தம்பி நன்றாக இருந்தான் என்றீர்கள். அது குரோன்ஸ் என்பதற்குச் சாட்சி ஆகாது. அந்த மாத்திரையை மறுபடி எங்கேயும் வாங்கிப் போடவிடாதீர்கள். ஈப்போவில் கேமரா போட்டுச் சதைத் துணுக்கு எடுப்பார்கள், நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், காசநோய்க் கிருமிக்கு வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புவார்கள். அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குடலில் காசநோய் இருக்கலாம். சிலருக்கு இரண்டையும் பிரிக்க முடியாமல் முதலில் காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கேமராவில் பார்ப்பதும் உண்டு. அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டாம், டாக்டர் குழம்பிவிட்டார் என்றும் எண்ண வேண்டாம்.

இப்போதைக்கு வலிக்குப் பனடோல் (பாரசிட்டமால்) மட்டும். காய்ச்சலோடு கட்டி மறுபடி வீங்கினால், வயிறு உப்பி வாந்தி எடுத்துக் காற்றுகூடப் பிரியாமல் போனால், ரத்தமாகப் போனால், தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.


பத்து காஜா பெண்:

அக்கா, எனக்கு 19 வயதில் கண்டுபிடித்தார்கள். இப்போது ஆசிரியராக வேலை பார்க்கிறேன். எம்.ஏ. ஐயா சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன், மருந்து வாழ்க்கை எப்படி இருக்கும் என்று.

எனக்கும் பவுத்திரம் இருந்தது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார்கள். மயக்கம் கொடுத்துச் சீழை வடித்து, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய ரப்பர் நூலை வளையமாகப் போட்டுவிட்டார்கள். சேட்டன் என்பார்கள். துளை வெளிப்பக்கம் மட்டும் மூடி உள்ளே மறுபடி சீழ் கட்டாமல் இருக்கத்தான் அது. கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் போட்ட பிறகுதான் பல மாதத்துக்கு அப்புறம் வலியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவேன், மெல்லிய பேட் வைத்துக்கொள்வேன். தம்பிக்கும் பேட் வாங்கிக் கொடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்டீராய்டு. அதுவும் வாரா வாரம் குறைத்து நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் நோயை அடக்குமே தவிர வருஷக்கணக்கில் போட்டுக்கொள்கிற மருந்து இல்லை அது. கூடவே உடலின் எதிர்ப்பு சக்தியைத் தணிக்கிற அசாதியோபிரின் மாத்திரை. அதை ஆரம்பிக்கும்போது அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும் என்று. ஆசியர்கள் சிலருடைய மரபணுவுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. தலைமுடி கொத்தாகக் கொட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது மட்டும் போதவில்லை. டாக்டர் விண்ணப்பம் போட்டு, கொஞ்சம் காத்திருந்து, அழற்சியை அடக்குகிற அடாலிமுமாப் ஊசி கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் மறைந்திருக்கிற காசநோய்க்கும் ஹெப்படைட்டிஸ் பிக்கும் மறுபடி சோதனை செய்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குக் குடல் கொஞ்சம் சுருங்கியிருந்த சமயத்தில் முருங்கைக்காய், கீரைத் தண்டு, அன்னாசி, சோளம் எல்லாம் வேண்டாம் என்றார்கள், நார் போய் அடைத்துக்கொள்ளும் என்று. மற்றபடி சோறு, மீன், முட்டை, தோசை எல்லாம் சாப்பிடுகிறேன். இளைத்திருக்கும்போது பத்தியம் என்று சோற்றைக் குறைப்பதுதான் மோசம். தம்பி காலையில் பட்டினியாகப் போகிறான் என்று படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. மருத்துவமனையில் டயட்டீஷியனைப் பார்க்கக் கேளுங்கள், சத்துப் பால் எழுதித் தருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.


சிப்புட் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டுத் தம்பியிடமும் காட்டினேன். ஒரு விஷயம் அவனாகவே சொன்னான். முட்டிவலிக்கு ஆலையில் கூட வேலை செய்கிறவரிடம் வாங்கித் தினமும் பொன்ஸ்தான் போட்டிருக்கிறான். வாய்ப்புண்ணும் வந்து வந்து போகிறதாம். சிகரெட்டும் உண்டு. இன்னொன்று எனக்கு நினைவு வந்தது: எங்கள் தாத்தா காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர், தம்பி சின்னப் பையனாக இருந்தபோது அவரோடு ஒரே வீட்டில் இருந்தோம். இது எதையும் நாங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. மாமா கொண்டு வருகிற நாட்டு மருந்தை என்ன செய்வது? எம்.சி.யும் முடியப் போகிறது.


லோரி அண்ணன்:

எம்.சி. பற்றி நான் சொல்கிறேன். வேலைச் சட்டப்படி சேர்ந்து 2 வருஷம் ஆகாதவருக்கு வருஷத்துக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு. மருத்துவமனையில் படுத்தால் அதற்கென்று 60 நாள் தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்த 60-லிருந்து சாதாரண எம்.சி.யைக் கழிப்பதில்லை. சில ஆபீஸில் இன்னும் பழைய கணக்கே போடுகிறார்கள், கேளுங்கள். ரெஃபரல் கடிதத்தின் நகலை ஆபீஸில் கொடுத்து வையுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் வேலை மாற்றித் தர டாக்டர் ஒரு குறிப்பு எழுதித் தந்தால் மேனேஜரிடம் பேச வசதியாக இருக்கும். தம்பி மெம்பராக இருந்தால் யூனியன் ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.


பழைய எம்.ஏ.:

தங்கச்சி, தாத்தா விஷயம் ரொம்ப முக்கியம். இப்போதே கிளினிக்குக்குப் போய் அந்த டாக்டரிடம் சொல்லிக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பொன்ஸ்தான், பிரெட்னிசோலோன், சிகரெட் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, இருமல் உண்டா என்று தம்பியிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் தேதிக்கு முன்னாலேயே இங்கே எடுத்துவிடலாம்.

பொன்ஸ்தானை இன்றோடு நிறுத்த வேண்டும். வலியை அடக்கும், குடலைப் புண்ணாக்கும். முட்டிவலியே குடல் நோயின் பகுதியாக இருக்கலாம், குடல் அடங்கினால் அதுவும் பெரும்பாலும் அடங்கும். சிகரெட்டையும் விடச் சொல்லுங்கள். குரோன்ஸ் உள்ளவர் புகைத்தால் நோய் அடிக்கடி கிளம்பும், ஆபரேஷன் வரைக்கும் போகிற வாய்ப்பும் கூடும். அரசாங்க கிளினிக்குகளில் புகை நிறுத்தப் பிரிவு இருக்கிறது, அதே நாளில் பெயர் கொடுத்துவிடலாம்.

மாமாவின் மேல் குறை சொல்ல மாட்டேன், அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற ஜாமு என்ற மூலிகை மருந்து, பெயர் தெரியாத உருண்டை, பொடி வேண்டாம். பதிவு செய்யாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடிகிற எண் இருக்கும். அந்த எண் இருந்தாலும் தம்பிக்கு இப்போது வேண்டாம். மாமாவிடம் காசநோய்க் காரணத்தை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஹீமோகுளோபின் 9.8-க்கு இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால், அது வயிற்றைக் கலக்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். குடலில் அழற்சி இருக்கும்போது மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது, இந்த அளவுக்கு ரத்தம் குறைந்தவருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதுதான் நல்லது. அதை மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்த லோமோட்டில் மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஈப்போ தேதியை முன்னால் கொண்டுவர வழி இருக்கிறது. எடை 11 கிலோ குறைந்தது, பவுத்திரம் கசிவது இரண்டையும் எழுதிக் கிளினிக் டாக்டரே ஸ்பெஷலிஸ்ட் பிரிவுக்குப் போன் செய்து பேசினால் பெரும்பாலும் முன்னால் கொடுப்பார்கள். ரத்தச் சோதனை அறிக்கையும் கையில் இருக்கட்டும். கிளினிக்கில் 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் பிரிவில் 5 வெள்ளி, காசுக்காகத் தள்ளிப்போட வேண்டிய நோய் இல்லை இது. பழைய மாத்திரை அட்டைகள் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.


சிப்புட் அக்கா:

சரி ஐயா. திங்கட்கிழமை காலையில் லீவு எடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறேன். தாத்தாவின் பழைய சிகிச்சை அட்டை அம்மா பீரோவில் இருக்கிறது, அதையும் எடுத்து வைத்துவிட்டேன். ஈப்போவில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன். பத்து காஜா தங்கச்சி, அந்த நூல் போட்ட பிறகு வேலைக்குத் திரும்ப எவ்வளவு நாள் ஆகும் என்று தம்பி கேட்கிறான், முடிந்தால் சொல்லுங்கள்.


பத்து காஜா பெண்:

நான் அடுத்த வாரமே வகுப்புக்குப் போய்விட்டேன் அக்கா, ஆனால் என்னுடையது நின்று பேசுகிற வேலை. தம்பி குலை தூக்குகிறவர், அதனால் ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் பளு தூக்குவதைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். நூல் இருக்கும்போதே மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்றும் கேட்கட்டும். நான் கொஞ்ச நாள் பஸ்ஸில்தான் போனேன்.